கைவிட்டுப் போன 15 கேள்விகள்

கேள்வி: எனக்கு 27 வயது. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பது ஆகிவிடும். செவ்வாய் மட்டும் விடுமுறை. பத்தாவது வரை தமிழ்வழியில் படித்தேன், அப்புறம் தபாலில் பி.காம். முடித்தேன். 2025 ஜூலையில் அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதினேன். தமிழில் 81, பொது அறிவில் 47, கணக்கில் 10 என்று மொத்தம் 138 கேள்விகள் சரி. வேலை கிடைக்கவில்லை. அடுத்த அறிவிப்பு வந்ததும் வேலையை விட்டுவிட்டு, 18,000 ரூபாய் கட்டி கோச்சிங் சேரலாம் என்று இருக்கிறேன். சரிதானா?

பதில்: வேலையை விட வேண்டாம். அறிவிப்புக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். போன தடவை ஏப்ரல் 25-இல் அறிவிப்பு வந்தது, ஜூலை 12-இல் தேர்வு. நடுவில் இருந்தது 78 நாள். சம்பளத்தை விட்டுவிட்டு, அந்த 78 நாளும் "இதில் கிடைக்காவிட்டால் என்ன செய்வது" என்ற பயத்தோடு உட்கார்ந்தால் பாதி மூளைதான் படிக்கும். கடைசி 15 நாள் மட்டும் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று முதலாளியிடம் இப்போதே பேசி வையுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். ஆடித் தள்ளுபடி நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் மதிப்பெண்ணில் வழி தெளிவாகவே தெரிகிறது. தமிழில் 100 கேள்விகள், பொது அறிவில் 75, திறனறிவுக் கணக்கில் 25. எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பு, ஒன்றரை மதிப்பெண். வரலாறு, அரசமைப்பு, பொருளாதாரம், அறிவியல் என்று கடல்போலக் கிடக்கும் பொது அறிவில் 47-ஐ 59 ஆக்க உங்களுக்கு ஒரு வருடம் ஆகலாம். கணக்கில் 10-ஐ 22 ஆக்க நான்கு மாதம் போதும். இரண்டிலும் கூடுவது அதே 12 கேள்விகள்தான். பி.காம். படித்த நீங்கள் கணக்கில் 15-ஐ விட்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை. "அதைக் கடைசியில் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடுபவர்கள்தான் அதிகம்.

அங்கே பெரும்பாலும் வருவது பள்ளிக் கணக்கு: சுருக்குதல், விழுக்காடு, மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கன அளவு, காலமும் வேலையும். ஒருவர் 12 நாளில் முடிக்கும் வேலையை இன்னொருவர் 6 நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? பெருக்கினால் 72, கூட்டினால் 18, வகுத்தால் 4 நாள். இப்படி ஒரு வாரத்துக்கு ஒரு தலைப்பு. விடியற்காலை ஐந்து முதல் ஆறரை வரை, பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு கையால் போட்டுப் பாருங்கள். யூடியூபில் இன்னொருவர் போடுவதைப் பார்த்தால் புரிந்ததுபோல இருக்கும், தேர்வறையில் கை ஓடாது. தள்ளுபடிக்கும் வட்டிக்கும் உங்கள் கடை பில்லே பயிற்சித்தாள்.

தமிழில் 81 நல்ல எண். புதிய பாடத்திட்டத்தில் இலக்கணத்துக்கு 25 கேள்விகள், இலக்கியத்துக்கும் தமிழ் அறிஞர்களுக்கும் சேர்த்து 15தான். இது தெரியாமல் இன்னமும் புலவர்களின் அடைமொழிப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையான பாடநூல்களின் இலக்கணப் பக்கங்களை மறுபடி மறுபடி படியுங்கள். வழிகாட்டி நூல்கள் அதற்கப்புறம்.

கோச்சிங்குக்குக் காசு கட்டுவதற்கு முன்னால், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தை விசாரியுங்கள். இலவசம். வகுப்பு நேரம் உங்களுக்கு ஒத்துவராவிட்டாலும் மாதிரித் தேர்வுகளுக்காவது போகலாம். அந்த 18,000-இல் ஒரு பகுதியை நான் வேறோர் இடத்தில் போடச் சொல்வேன்: டைப்ரைட்டிங்.

ஏன் என்றால், ஒரே குரூப் 4 தேர்வில்தான் இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் பணிகளோடு தட்டச்சர் பணியும் நிரப்பப்படுகிறது. டைப்பிங் சான்றிதழ் இல்லாதவர் அந்த இடங்களை எட்டி நின்று பார்க்க வேண்டியதுதான். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் (டைப்பிங்கில் மேல்நிலைத் தேர்வு) முடித்தவர்களுக்கு முதல் உரிமை. ஒன்றில் ஹையர், இன்னொன்றில் லோயர் என்றால் அதற்கடுத்து. லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல் வேகம், ஹையருக்கு 45. இதில் ஒரு கண்டிப்பு உண்டு: அறிவிக்கை வெளியாகும் நாளில் அந்தத் தகுதி கையில் இருக்க வேண்டும். அதனால்தான் அறிவிப்புக்காகக் காத்திருக்காதீர்கள் என்றேன். பாடத்தை 78 நாளில் ஓரளவு ஓட்டிவிடலாம், 45 சொல் வேகத்தை ஓட்ட முடியாது. ஏழு மணிக்கே திறக்கும் இன்ஸ்டிடியூட்டாகப் பார்த்துச் சேருங்கள்.

கையோடு இன்னொன்று. பட்டம் இருப்பதால் நீங்கள் குரூப் 2, 2ஏ தேர்வுகளுக்கும் தகுதி உள்ளவர். அதன் முதல்நிலைத் தேர்விலும் இதே 100, 75, 25 பிரிப்புதான். பொது அறிவுக் கேள்விகள் பட்டப்படிப்புத் தரத்தில் இருக்கும், அவ்வளவே. விண்ணப்பிக்காமல் விடாதீர்கள்.

தேர்வறை விஷயத்துக்கு வருகிறேன். நான் முதல் தடவை எழுதியபோது தமிழிலேயே 110 நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். கடைசி 20 கேள்விகளைப் படிக்கக்கூட நேரமில்லை. 180 நிமிடத்தில் தமிழுக்கு 60, கணக்குக்கு 45, பொது அறிவுக்கு 55, மீதி 20 சரிபார்க்க என்று வீட்டிலேயே கடிகாரம் வைத்துப் பழகுங்கள். வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கும்: 'விடை தெரியவில்லை'. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது இல்லாத தேர்வில் அதை நிரப்புவானேன்? தெரியாத 20 கேள்விக்குக் குத்துமதிப்பாகப் போட்டாலே சராசரியாக 5 சரியாகும், ஏழரை மதிப்பெண். ஆனால் எந்த வட்டத்தையும் நிரப்பாமல் மட்டும் ஒரு கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். கறுப்பு மை பந்துமுனைப் பேனா இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு ஒன்பதரைக்கு என்றாலும் ஒன்பது மணிக்குமேல் உள்ளே விடமாட்டார்கள்.

நாள் முழுக்க நிற்கிற வேலை, இரவில் படிக்க முடியவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். உங்கள் கடையில் நாற்காலி இல்லை என்றால் கேட்பதில் தப்பில்லை. தீபாவளிக்கு முந்தைய மாதம் புதிதாக எதையும் தொடாதீர்கள், படித்ததைத் திருப்பிப் பார்ப்பது போதும். இரவில் புத்தகம் வேண்டாம், தூங்குங்கள்.

கடைசியாக, தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்ததற்கான சான்று தேவை. தொடக்கப் பள்ளி வேறு, உயர்நிலைப் பள்ளி வேறு என்றால் இரண்டிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் எப்படி இருக்கிறதோ அப்படியே அதிலும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். உங்களுக்கு விடுமுறை செவ்வாய், பள்ளிக்கு வேலைநாள். வருகிற செவ்வாய்க்கிழமையே போய்விடுங்கள்.