பேய்க்கு பட்ஜெட் இல்லையா, பேயைத் தூக்கிடுங்க

கேள்வி: கோயம்புத்தூர்ல எடிட்டரா இருக்கேன். ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து 8 லட்சத்துல கோத்தகிரி பக்கம் ஒரு ஹாரர் படம் எடுக்கப் போறோம். ஒதுக்குப்புறமான மலைக்கிராமத்துக்கு வேலைக்கு வர்ற நர்ஸ், அங்க ஆதிவாசிங்க பண்ற மாந்திரீகத்துல மாட்டிக்கிறா. கிளைமாக்ஸ்ல வர்ற பேய்க்கு கிராஃபிக்ஸ் செலவே பாதி பணத்தை முழுங்கிடும் போல. என்ன பண்ணலாம்?

பதில்: தம்பி, பேய் இருக்கட்டும், மொதல்ல அந்த மாந்திரீக மேட்டருக்கு வர்றேன். நீங்க சும்மா ஒரு த்ரில்லுக்கு எழுதினது நீலகிரில நெஜமாவே உயிரைக் குடிச்ச சமாச்சாரம். அங்க இருக்குற குறும்பர்ங்கற ஆதிவாசிங்கன்னா சூனியம் வைப்பாங்கன்னு அந்தக் காலத்துல ஒரு பயம், ஊர்ல யாருக்கு சீக்கு வந்தாலும் பழி அவங்க தலைலதான், 1835ல 48 குறும்பரைக் கொன்னதாவும் 1900ல ஒரு குடும்பத்தையே தீர்த்துக் கட்டினதாவும் தென்னிந்திய சாதி, பழங்குடிங்களைப் பத்தி புக் போட்ட வெள்ளைக்காரர் தர்ஸ்டன் எழுதி வெச்சிருக்காரு. அதே பழியை நீங்களும் ஸ்க்ரீன்ல ஏத்தாதீங்க ப்ளீஸ். ஆனா உங்க படம் அதுக்குள்ளயேதான் கெடக்கு, ஒருத்தியை சூனியக்காரின்னு பாக்க ஆரம்பிச்ச ஊரை விடவா பேய் பயமுறுத்திடப் போகுது?

கதையை ஒரு டீ எஸ்டேட் லைன் வீட்டுக்கு மாத்துங்க. ஒரே கூரைக்கு கீழ வரிசையா வீடு, பக்கத்து வீட்ல இருமினா இங்க கேக்கும், எல்லாரும் ஒண்ணா கொழுந்து பறிச்சு ஒரே எடத்துல எடை போடுறவங்க, யாரும் யாரையும் விட்டு ஓட முடியாது. நர்ஸ் வந்த வாரமே ஒரு குழந்தைக்கு காய்ச்சல். அப்புறம் ஒரு நாள் விடிஞ்சா மாரியம்மன் கோயில் கதவு தொறந்து கெடக்கு, விளக்குல எண்ணெய் இல்ல. கோத்தகிரில யாரைக் கேட்டாலும் கரடி வேலைன்னு சொல்லிடுவாங்க, எண்ணெய்க்கு அப்படி அலையும் அது. உங்க லைன்காரங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் ஒரு பாட்டி மெதுவா "கரடிக்கு தாப்பா தொறக்கத் தெரியுமா?"ன்னு கேக்குது, மறுநாள் எடை போடுற எடத்துல நர்சுக்கு மட்டும் யாரும் டீ ஊத்தல. இதுக்கு என்னத்துக்கு கிராஃபிக்ஸ்? 1999ல வந்த பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்ங்கற இங்கிலீஷ் ஹாரர் படத்துல சூனியக்காரியை கடைசி வரைக்கும் காட்டவே மாட்டாங்க, நடிச்சவங்களே கேமராவைத் தூக்கிட்டு காட்டுல சுத்தினாங்க, ஓடுச்சா இல்லையா?

மிச்சமாகுற காசை சவுண்டுல போடுங்க, தகரக் கூரைல மழை, சில்வர் ஓக்ல காத்து, இதையெல்லாம் அங்கயே உக்காந்து ரெக்கார்ட் பண்ணுங்க.

மிஸ்ட்டை நம்பி மட்டும் ஷெட்யூல் போடாதீங்க, ஒரே சீன்ல பாதி வெயில் பாதி மிஸ்ட்டுன்னு வந்து நின்னா எடிட்டிங்ல உக்காந்து அழப்போறது நீங்கதான். வீட்டுக்குள்ள எடுக்குற சீன் ரெண்டு மூணு ரெடியா இருக்கட்டும், மிஸ்ட் எறங்கினதும் வெளிய ஓடுங்க. ரிசர்வ் ஃபாரஸ்ட் பக்கம் ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட் பெர்மிஷன் இல்லாம கால் வைக்காதீங்க, எஸ்டேட்காரங்க வாயால ஓகே சொன்னா பத்தாது, எழுதி வாங்கிக்குங்க. 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேற, பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலும் மேல ஏத்தக்கூடாது, அதனால தண்ணிக்கு கேன் ஏற்பாடு பண்ணிடுங்க. டிசம்பர்ல போறதா இருந்தா குளிர்ல கேமரா பேட்டரி சீக்கிரமே எறங்கிடும், ஸ்பேரை பேக்ல போடாம ஸ்வெட்டருக்குள்ள வெச்சுக்கங்க.