ஸ்வெட்டர் போட்டும் விரல்கள் விறைக்கின்றனவா?

கேள்வி: குளிர்காலத்தில் அலுவலகத்தில் எனக்கு ஜன்னலோர இருக்கை. தடித்த ஸ்வெட்டர் போட்டிருந்தும் பிற்பகலுக்குள் விரல்கள் விறைத்துத் தட்டச்சு செய்ய முடியவில்லை, பாதங்களும் சில்லிட்டுவிடுகின்றன. பக்கத்து இருக்கைக்காரரோ அரைக்கைச் சட்டையில் நிம்மதியாக இருக்கிறார். மேசைக்கு அடியில் சிறிய ஹீட்டர் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஹீட்டர் இருக்கட்டும், முதலில் அந்த ஜன்னலைக் கவனிப்போம். அறைக் காற்று 21 டிகிரி செல்சியஸ் இருந்தாலும், பக்கத்தில் இருக்கும் கண்ணாடி குளிர்ந்திருந்தால் உங்கள் உடல் அதை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழந்துகொண்டே இருக்கும். போதாததற்கு, கண்ணாடியை உரசிக் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கி, தரையோடு தவழ்ந்து வந்து கணுக்காலைப் பிடிக்கும். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை ஜன்னல் விளிம்பிலும் மேசைக்கு அடியிலும் பிடித்துப் பாருங்கள். எங்கே ஆடுகிறதோ அங்கேதான் குளிர்காற்று வருகிறது. இடுக்கு இருந்தால் பராமரிப்புப் பிரிவிடம் சொல்லி அடைக்கச் செய்யுங்கள். திரையை மூடிவையுங்கள், முடிந்தால் நாற்காலியை ஒரு மீட்டராவது தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட்டுக்காகச் சக ஊழியர்களோடு மல்லுக்கட்டுவதைவிட இதில் பலன் அதிகம்.

அந்த மல்லுக்கட்டில் எல்லோரும் ஜெயிக்கவும் முடியாது. டென்மார்க் ஆய்வாளர் ஓலே ஃபாங்கர் 1970இல் வெளியிட்ட கணக்கின்படி, எந்த வெப்பநிலையை வைத்தாலும் 100 பேரில் 5 பேராவது குறைப்படுவார்கள். உடல் எடை, தசையின் அளவு, வயது எல்லாவற்றையும் பொறுத்து ஒவ்வொருவர் உடலும் உண்டாக்கும் வெப்பம் மாறுகிறது. அரைக்கைச் சட்டைக்காரரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டாம்.

இனி விரல்களுக்கு வருவோம். குளிர் உறைத்ததும் உடல் உள்ளுறுப்புகளைக் காக்க முனைகிறது. கைகால்களின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, அங்கே போகும் ரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. ஆகவே விரல்களை மட்டும் தேய்த்துப் பயனில்லை. ஸ்வெட்டருக்குள் உடலை ஒட்டினாற்போல் மெல்லிய உள்ளாடை ஒன்று போடுங்கள். இரண்டுக்கும் நடுவே சிக்கும் காற்றுதான் வெப்பத்தைத் தக்கவைக்கிறது. கழுத்துக்கு ஒரு ஸ்கார்ஃப், முன்கைக்கும் மணிக்கட்டுக்கும் விரல்நுனி இல்லாத கையுறை. காலுறையை இரண்டு மூன்றாக அடுக்கி ஷூவுக்குள் திணிக்காதீர்கள். இறுக்கம் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும், காற்றுக்கும் இடமிருக்காது. கம்பளிக் காலுறை ஒன்றே போதும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். நடக்கும்போது உடல் உண்டாக்கும் வெப்பம், உட்கார்ந்திருக்கும்போது உண்டாவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு.

இத்தனைக்குப் பிறகும் ஹீட்டர் தேவைப்பட்டால் நிர்வாகத்தின் அனுமதி பெறுங்கள். மேசையடி ஹீட்டர்கள் பல 1,500 வாட் வரை இழுப்பவை. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் வயர் சூடாகித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. காகிதக் குப்பைக்கூடை, திரைச்சீலை பக்கத்தில் இருக்கக்கூடாது. எழுந்து போகும்போது அணைத்துவிட வேண்டும். பாதத்துக்கு அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பு இதைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் வேலையை முடித்துவிடும், என் ஓட்டு அதற்குத்தான். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும், சுட்டாலும் தெரியாது.

ஒன்றைக் கவனியுங்கள்: குளிரில் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவந்து வலித்தால் அது ரேனாட் பாதிப்பாக, அதாவது விரல்களின் ரத்தக்குழாய்கள் குளிருக்கு அளவுமீறிச் சுருங்கும் கோளாறாக, இருக்கலாம். வீட்டிலும் எந்நேரமும் குளிர்வதோடு சோர்வும் சேர்ந்திருந்தால் ரத்தசோகை, தைராய்டு குறைபாடு இரண்டுக்கும் பரிசோதனை செய்துகொள்ள மருத்துவரைப் பாருங்கள்.