அம்மாவின் தண்ணீர் பாட்டில்

கேள்வி: சியாட்டில் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அப்பாவும் (71) அம்மாவும் (66) வந்திருக்கிறார்கள். ஜூலை கடைசி வாரம் நான், மனைவி, ஒன்பது வயது மகன், அப்பா, அம்மா என ஐந்து பேரும் 28 அடி மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) வாடகைக்கு எடுத்து, மொன்டானாவில் உள்ள கிளேசியர் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். ஆப்கார் முகாமில் நான்கு இரவு, செயின்ட் மேரி முகாமில் இரண்டு இரவு பதிவாகிவிட்டது. 'கோயிங் டு த சன்' மலைச்சாலை வழியாக வண்டியை மேற்கிலிருந்து கிழக்கே கொண்டுபோகலாமா? மலையில் இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? பின்பக்கக் கட்டில் எனக்கும் மனைவிக்கும். சாப்பாட்டு மேசையைத் தாழ்த்தினால் வரும் படுக்கை அப்பா அம்மாவுக்கு. டிரைவர் தலைக்கு மேலே உள்ள பரண் பையனுக்கு. வண்டிக்குள் இருக்கும் டாய்லெட்டை யாரும் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். தொட்டியைக் காலி செய்கிற வேலை எங்களுக்கு ஒத்துவராது. முகாமில்தான் கழிவறை இருக்கிறதே. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பார். ஆனால் அவரே, "சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடிக்காம இருந்துக்கறேம்ப்பா" என்று சொல்லிவிட்டார். எனவே அது ஒரு பிரச்சினை இல்லை.

- வாசகர், வாஷிங்டன் மாநிலம்

பதில்: சாலையைப் பற்றிய கேள்விக்குப் பதில் சுருக்கமானது. போக முடியாது. அந்தச் சாலையில் மேற்கே உள்ள அவலாஞ்ச் முகாமுக்கும் கிழக்கே உள்ள ரைசிங் சன் பிக்னிக் இடத்துக்கும் நடுவே, பம்பர் முதல் பம்பர் வரை 21 அடிக்கு மேல் நீளமுள்ள எந்த வண்டிக்கும் அனுமதி கிடையாது. பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து அகலம் 8 அடியைத் தாண்டக் கூடாது. உங்கள் வண்டி இரண்டிலும் தோற்கும். 1933-இல் திறந்த சாலை அது. அந்தக் காலத்துக் கார்களுக்காகப் பாறையைக் குடைந்து போட்டது. மெதுவாகப் போனால் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இனி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். "எனவே அது ஒரு பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்கு.

சர்க்கரை உள்ள 66 வயதுப் பெண், மகன் ஒரு குழாயை மாட்டிக் கழற்ற வேண்டாம் என்பதற்காக ஆறு நாள் மாலையில் தண்ணீரை நிறுத்திக்கொள்வதாகச் சொல்கிறார். அதைக் கேட்டு நீங்கள் நிம்மதி அடைந்திருக்கிறீர்கள். தம்பி, எந்த அம்மாதான் "எனக்கு அது கஷ்டம்ப்பா" என்று வாய் திறந்து சொல்லியிருக்கிறார்? நம் வீட்டுப் பெண்கள் பேருந்துப் பயணம், கல்யாண மண்டபம், கழிவறை இல்லாத பள்ளிக்கூடம் என்று ஆயுள் முழுக்கத் தண்ணீரை அடக்கிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்திலிருந்து அவரை வெளியே கொண்டுவர வேண்டிய நீங்கள், அதை நம்பித் திட்டம் போட்டிருக்கிறீர்கள்.

உடம்பின் கணக்கு இது. இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது உடம்பு அதைச் சிறுநீரில் கழிக்கப் பார்க்கும். கூடவே நீரும் போகும். அப்போது குடிக்கும் தண்ணீரைக் குறைத்தால் சர்க்கரை இன்னும் ஏறும், சிறுநீர்த் தொற்றுக்கும் வழி பிறக்கும். சில சர்க்கரை மாத்திரைகளின் வேலையே சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதுதான். அம்மா சாப்பிடுவது அந்த வகை என்றால் ஆபத்து இரட்டிப்பு. என்ன மாத்திரை என்று உங்களுக்குத் தெரியுமா? கிளம்புவதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

முகாமில் கழிவறை இருப்பது உண்மைதான், ஆப்காரில் தண்ணீர் வசதியோடு நன்றாகவே இருக்கும். ஆனால் அது உங்கள் வண்டியின் வாசலில் இருக்காது. ஜூலையிலும் இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும், தெருவிளக்கு கிடையாது, கிரிஸ்லி கரடியும் கருங்கரடியும் நடமாடும் காடு. வண்டியின் இரும்புப் படி வேறு பனியில் வழுக்கும். இருட்டில் செருப்பைத் தேடி, சால்வையைப் போர்த்தி, அப்பாவை எழுப்பலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் விடியட்டும் என்று அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். காலையில் "நல்லாத் தூங்கினேன்" என்பார். நீங்களும் நம்புவீர்கள்.

இவ்வளவும் எதற்காக? பதினைந்து நிமிட வேலைக்கு. அந்த வேலை இன்னதென்று தெரிந்துகொள்ளுங்கள்.

வண்டியில் இரண்டு கழிவுத் தொட்டிகள் உண்டு. டாய்லெட்டுக்குக் கீழே இருப்பது பிளாக் டேங்க். பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் சேர்வது கிரே டேங்க். உங்கள் அளவு வண்டியில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 காலன், அதாவது 110 லிட்டருக்குக் கொஞ்சம் கூட. ஐந்து பேர், மக்கில் மொண்டு கழுவும் பழக்கம், தடவைக்கு மூன்று லிட்டர் என்று வைத்தால் இரண்டு நாளில் நிரம்பிவிடும். எனவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலி செய்ய வேண்டும். ஆப்கார், செயின்ட் மேரி இரண்டிலும் டம்ப் ஸ்டேஷன், அதாவது தொட்டிக் கழிவைக் கொட்டும் இடம், இருக்கிறது.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் கழிவு வாய், தரையில் உள்ள துளைக்குப் பக்கத்தில் வரும்படி நிறுத்துங்கள். மூடியைத் திறப்பதற்கு முன் இரண்டு வால்வும் உள்ளே தள்ளி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். வாடகை வண்டியில் முன்னால் எடுத்தவர் எப்படி விட்டிருப்பார் என்று சொல்ல முடியாது, காலில் கொட்டுவது இந்த இடத்தில்தான். ஹோஸை வைத்து, கொக்கி பிடிக்கும் வரை திருகுங்கள். மறுமுனை துளைக்குள் நன்றாக இறங்கட்டும், பாரத்துக்கு ஒரு கல் வையுங்கள். முதலில் பிளாக் வால்வை ஒரே இழுப்பில் முழுசாகத் திறக்க வேண்டும். சத்தம் அடங்கியதும் மூடிவிட்டு, உள்ளே டாய்லெட்டில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி இன்னொரு தடவை திறந்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் கிரே வால்வு. சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். இந்த வரிசையை மாற்றினால் கழுவ ஒன்றும் மிஞ்சாது. எல்லாம் முடிந்ததும் வண்டிப் பக்கத்திலிருந்து ஹோஸைத் தூக்கி வடியவிட்டு, அலசி, மூடியைப் போடுங்கள். கடைசியாக டாய்லெட்டில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பாக்கெட் தொட்டி மருந்தும். அங்கே அலசுவதற்கென்று வைத்திருக்கும் குழாயில் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள். அதற்குத் தனிக் குழாய், தனி ஹோஸ்.

ஒரு விஷயம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்தத் தொட்டி நாறுவது அதிகம் பயன்படுத்துவதால் அல்ல, தண்ணீர் போதாமல்தான். கழிவு காய்ந்து ஒரே இடத்தில் குவிந்துவிடும், வால்வைத் திறந்தாலும் அசையாது. "யாரும் போகக் கூடாது" என்று சட்டம் போட்ட வண்டியில், வயிற்றைக் கலக்கி யாராவது ஒருவர் போகத்தான் போவார், அதுவும் பயந்துகொண்டு ஒரு சொட்டுத் தண்ணீரில். அந்தக் கூத்தைவிட, ஐந்து பேரும் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிப் போவது எவ்வளவோ சுத்தம். நம் மக் பழக்கம் தொட்டிக்கு நல்லதே. ஈரத் துடைப்பான், நாப்கின் எதுவும் உள்ளே போகக் கூடாது. காகிதம் தேவைப்பட்டால் இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே விற்கும், சீக்கிரம் கரைகிற ஆர்.வி. காகிதம் மட்டும். சிங்க்கில் சாம்பார் வண்டல், எண்ணெய், கறிவேப்பிலையைக் கொட்டாதீர்கள்; வடிகட்டிக் குப்பையில் போடுங்கள்.

"ஒத்துவராது" என்ற சொல்லையும் கொஞ்சம் பார்ப்போம். மலத்தைத் தொடும் வேலைக்கென்று நம் ஊரில் சில மனிதர்களை ஒதுக்கி வைத்தோம். அந்தக் கூச்சம் உங்களோடு விமானம் ஏறி அமெரிக்கா வரை வந்திருக்கிறது. அங்கே டம்ப் ஸ்டேஷனில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் பேராசிரியராகவோ மருத்துவராகவோ இருக்கலாம், தன் ஹோஸைத் தானே கழற்றுவார். பெற்றவர்களை வெளியூர் கூட்டிப்போகிறவன், அவர்கள் உடம்புக்கு வேண்டியதையும் சேர்த்துத்தான் பொறுப்பேற்கிறான். புகைப்படம் எடுப்பது அதற்கு அப்புறம். உங்களால் முடியாது என்றால் அதில் குற்றம் ஒன்றும் இல்லை, மோட்டார்ஹோமை ரத்து செய்யுங்கள். ஒரு மினிவேனும், வெஸ்ட் கிளேசியர் பக்கம் அறையோடு கழிவறை உள்ள கேபினும் எடுங்கள். ஏரியும் மலையும் அங்கிருந்தும் தெரியும்.

மோட்டார்ஹோம்தான் என்றால், படுக்கையை மாற்றுங்கள். மேசைப் படுக்கை குறுகலானது, தாழ்வானது. சுவர்ப் பக்கம் படுப்பவர் அடுத்தவரைத் தாண்டித்தான் எழ வேண்டும். உங்கள் அளவு வண்டிகளில் பெரும்பாலும் டாய்லெட்டை ஒட்டியே பின்பக்கக் கட்டில் இருக்கும். அது அம்மாவுக்கு, நடைபாதைப் பக்கமாக. மேசையில் நீங்களும் உங்கள் மனைவியும் படுங்கள். தனிமை ஆறு நாள் காத்திருக்கும்.

இனி மற்றவை, வேகமாக. பூங்கா முகாம்கள் எதிலும் மின்சார, தண்ணீர் இணைப்பு கிடையாது. மின்சாரக் குக்கர், மிக்ஸி எல்லாம் ஜெனரேட்டர் ஓடினால்தான். அதற்கும் குறிப்பிட்ட மணி நேரம் மட்டுமே அனுமதி. விசில் குக்கரைக் கேஸ் அடுப்பில் வையுங்கள். ராத்திரி ஹீட்டர் கேஸில் எரிந்தாலும் அதன் விசிறி ஓடுவது பேட்டரியில், எனவே மாலையில் பேட்டரியை நிரப்பி வையுங்கள், இல்லாவிட்டால் நடுராத்திரி குளிரும். அம்மா இன்சுலின் போடுகிறவர் என்றால், ஃபிரிட்ஜின் பின்பக்கத் தகடுகளை ஒட்டி வைக்காதீர்கள். அங்கே உறைந்துபோகும், உறைந்த இன்சுலின் உதவாது. வண்டி ஓடும்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். காபி போட்டுத் தருகிறேன் என்று அம்மா எழுந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள்.

ஆப்காரிலிருந்து செயின்ட் மேரிக்கு, பூங்காவின் தெற்கே சுற்றும் 2-ஆம் எண் நெடுஞ்சாலையில் மரியாஸ் கணவாய் (5,213 அடி) ஏறி, பிரவுனிங் போய், 89-ஆம் எண் சாலையில் வடக்கே திரும்புங்கள். மொத்தம் சுமார் 100 மைல். வரைபடம் ஈஸ்ட் கிளேசியரிலிருந்து 49-ஆம் எண் குறுக்கு வழியைக் காட்டும். அது நெளிசாலை, உங்கள் நீளத்துக்கு வேண்டாம். இறக்கத்தில் 'டோ ஹால்' பொத்தானை அழுத்தினால் கியர் இறங்கி எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும். ஆறு டன் வண்டியில் பிரேக் மேல் காலை வைத்தபடியே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். வேகம் கூடினால் அழுத்தமாகப் பிடித்துப் பத்து மைல் குறைத்து, விட்டுவிட வேண்டும். பெட்ரோல் பங்கில் இடப்பக்கம் ஒடித்தால் வண்டியின் வால் வலப்பக்கம் விசிறும். பங்க் தூணில் உரசுவது அப்படித்தான்.

'கோயிங் டு த சன்' சாலையின் உச்சியான 6,646 அடி லோகன் கணவாயை அப்பா அம்மா பார்க்கத்தான் வேண்டும். 1930-களின் சிவப்புப் பேருந்துகள் இன்றும் ஓடுகின்றன, முன்பதிவு செய்யுங்கள். அல்லது ஒரு நாள் கார் வாடகைக்கு எடுங்கள். அம்மாவுக்குக் காரே மேல், வழியில் உள்ள நிறுத்துமிடங்களில் நம் வசதிக்கு நிறுத்தலாம். அவலாஞ்சில், லூப் வளைவில், கணவாயின் உச்சியில் கழிவறை உண்டு. போகும் வழியிலேயே அம்மாவிடம் சொல்லிவையுங்கள், எங்கே நிறுத்துவோம் என்று தெரிந்தால்தான் அவர் பாட்டிலைத் திறப்பார். நுழைவு விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், பூங்காவின் இணையதளத்தை இந்த வாரமே பாருங்கள்.

இன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் அம்மாவிடம் பேசுங்கள். "உனக்குப் பரவாயில்லையாம்மா?" என்று கேட்காதீர்கள், பரவாயில்லை என்றுதான் சொல்வார். "உள்ளேயே போகலாம்மா, காலி பண்றது என் வேலை" என்று சொல்லுங்கள். முதல் நாள் இரவு, டாய்லெட் கதவடியில் பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்றை ஒட்டிவிட்டு, ஃப்ளஷ் மிதியைக் காலால் எவ்வளவு அழுத்தினால் தண்ணீர் வரும், எவ்வளவு அழுத்தினால் திறக்கும் என்று அவரை ஒரு தடவை மிதிக்கச் சொல்லிக் காட்டுங்கள். தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தலைமாட்டில் வையுங்கள்.