அக்குளில் ஒரு பொருக்கு

அன்புள்ள டாக்டர்,

எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. பெத்தாலஜியும் ஃபார்மகாலஜியும் எப்படியோ ஓடிவிடுகின்றன, மைக்ரோபயாலஜிதான் தகராறு. கிருமியின் பெயர், வளரும் ஊடகம், பரிசோதனை, மருந்து என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறேன். இரவு ஒப்பித்தது காலையில் இருப்பதில்லை. போன இன்டர்னலில் ஃபெயில். தோழிகள் ஆங்கில வீடியோக்களில் வரும் படக்கதைகளை வைத்துப் படிக்கிறார்கள். எனக்கு அந்தச் சிலேடைகளே புரிவதில்லை. என்ன செய்வது?

ச.

அன்புள்ள ச.,

நானும் அதே பேப்பரில் விழுந்து எழுந்தவன்தான். உங்கள் அட்டவணையில் ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது: நோயாளி.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில் ஏழு நாள் காய்ச்சலோடு ஓர் அம்மா வந்தார். வயல் வேலை செய்பவர். மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைஃபாய்டும் இல்லை. செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. ரவுண்ட்ஸ் வந்த பி.ஜி. (மேற்படிப்பு மாணவர்), "கையைத் தூக்குங்கம்மா" என்றார். அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு. வலியே இல்லாததால் அந்த அம்மாவுக்கே அது இருப்பது தெரியாது. நோய், ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்த மறுநாளே இட்லி கேட்டார்.

இனி உங்கள் அட்டவணைக்கு வருவோம். கிருமி, ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் ஜப்பானிய மொழியில் 'முஷி' என்றால் பூச்சி. கடிப்பது மைட் என்னும் சிற்றுண்ணியின் லார்வா. அது புல்லிலும் புதரிலும் இருக்கும்; அந்த அம்மாவுக்கு வயல் வேலை. கிருமி நம் செல்லுக்குள்ளே மட்டுமே பெருகும், அதனால் லேபில் கிருமி வளர்க்கும் சாதாரண அகார் தட்டில் வளராது. செஃப்ட்ரியாக்ஸோன் தாக்குவது பாக்டீரியாவின் செல்சுவரை. செல்லுக்குள் ஒளிந்திருப்பதை அது சரியாக எட்டாது. டாக்சிசைக்ளின் உள்ளே போய் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். சரி, தட்டில் வளராததை எப்படிக் கண்டுபிடிப்பது? ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேட வேண்டும். இன்று ஐஜிஎம் வகை எதிர்ப்பொருளைக் காட்டும் எலைசா பரிசோதனை. பழைய வழி வெய்ல்-ஃபெலிக்ஸ்: புரோட்டியஸ் என்ற வேறொரு கிருமியின் ஓஎக்ஸ்-கே வகையோடு இந்த எதிர்ப்பொருள் ஒட்டிக்கொள்ளும். பாருங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் பதில் முந்தைய கட்டத்தில் இருக்கிறது. நீங்கள் அதைத் தனித்தனியாக உருப்போட்டிருக்கிறீர்கள்.

பெயர்களையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியை எடுங்கள்: கிரேக்கத்தில் 'ஸ்டாஃபிலே' என்றால் திராட்சைக்குலை. மைக்ராஸ்கோப்பில் அதுதான் தெரியும். டைஃபாய்டு தரும் சால்மொனெல்லாவுக்கும் சால்மன் மீனுக்கும் சம்பந்தமில்லை, அது சால்மன் என்ற கால்நடை மருத்துவரின் பெயர். தமிழ்வழியில் படித்தவருக்கு ஆங்கிலச் சிலேடையைவிட இது கைகொடுக்கும்.

படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் "ஏழு நாள் காய்ச்சல், அக்குளில் பொருக்கு" என்று மட்டும் எழுதிக்கொண்டு மீதியை நீங்களே நிரப்புங்கள். எங்கே தடுக்குகிறதோ அதை மட்டும் திருப்பிப் படியுங்கள். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை. ஃபோனில் அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள், அவர் "ஏன்?" என்று கேட்டால் இன்னும் நல்லது. ஹைலைட்டர் பேனாவைத் தூக்கி உள்ளே வையுங்கள். கலர் அடித்த பக்கம் படித்த பக்கம் மாதிரியே தெரியும், அவ்வளவுதான்.

அப்புறம் பிராக்டிகல். சீல்-நீல்சன் சாயத்தில், ஏற்றிய நிறத்தை நீக்க, காசநோய்க்கு 20 சதவீத சல்ஃபியூரிக் அமிலம், தொழுநோய்க்கு 5 சதவீதம். தொழுநோய்க் கிருமியின் அமிலத்தாங்கு சக்தி குறைவு, அதனால்தான் அந்த வித்தியாசம். கிருமிகளை ஊதா, இளஞ்சிவப்பு என்று பிரித்துக் காட்டும் கிராம் சாயத்தில் எல்லோரும் கோட்டைவிடுவது நிறம் நீக்கும் இடத்தில். அசிட்டோன் சில விநாடிகள் கூடிவிட்டால் ஊதாவாக இருக்கவேண்டியது இளஞ்சிவப்பாகிவிடும். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, வழிவதில் ஊதா நின்றதும் உடனே தண்ணீரில் கழுவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நான் அக்கா கல்யாணத்தில் பந்தி பரிமாறியது ஊதா விரல்களோடு.