மகன் டிப்ளமா வாங்கிவிட்டான், இனி அவனுக்கான பணத்தை எப்படி அமைப்பது?

கேள்வி: நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகனுக்கு 23 வயது, ஆட்டிசம் உண்டு. சின்ன வயதில் ஒரு பள்ளியில் "இவன் படித்து என்ன செய்யப் போகிறான்" என்று எங்கள் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். இந்த ஆண்டு அவன் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஐடி டிப்ளமா வாங்கினான். சத்தம் அவனுக்கு ஆகாது. அதனால் அவன் மேடை ஏறியபோது நானும் அவன் அப்பாவும் கை தட்டாமல், கைகளை உயர்த்தி ஆட்டினோம். இப்போது ஒரு கம்பெனி 12 மாத லேர்னர்ஷிப் (வேலை செய்துகொண்டே கற்கும் பயிற்சி) தருகிறது, மாதம் 6,500 ராண்ட். சேர்ந்தால் சாசா (அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தரும் உதவித்தொகை போய்விடுமே என்று என் கணவர் தயங்குகிறார். அவருடைய பென்ஷன் சேமிப்பிலிருந்து 40,000 ராண்ட் எடுத்து, ஹால் பிடித்து, ஊரைக் கூட்டி விருந்து வைக்கவும் ஆசைப்படுகிறார். அவர் சம்பளம் மாதம் 24,000. மகன் அவருடைய மெடிக்கல் எய்டில்தான் (மருத்துவக் காப்பு) இருக்கிறான், ஆனாலும் தெரபிக்கு மாதம் 3,000 ராண்ட் கைக்காசு போகிறது. எங்கள் வீடு 11 லட்சம் ராண்ட் பெறும். அதை இப்போதே மகன் பெயருக்கு மாற்றிவிடலாமா? மூத்தவள் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறாள்.

பதில்: வணக்கம் அம்மா. கைகளை ஆட்டினோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை மூன்று நான்கு முறை படித்தேன். உங்கள் இருவருக்கும், முதலில் தம்பிக்கும், என் மனமார்ந்த வாழ்த்து.

நீங்கள் கேட்டவை எல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. இத்தனை வருடமும் நீங்கள் போட்டுவைத்தது, சம்பாதிக்கவே முடியாத பிள்ளைக்கான திட்டம். அன்றைக்கு அது சரி. இன்றைக்கு உங்கள் வீட்டில் இருப்பவர் டிப்ளமா கையில் வைத்திருக்கும் இளைஞர். அவர் சம்பாதிக்கலாம், நடுவில் சில மாதம் வேலை இல்லாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் இடம் விட்டுத் திட்டத்தை மாற்றுங்கள். மாற்றும்போது அவரையும் மேசையில் உட்கார வையுங்கள்.

லேர்னர்ஷிப்பில் சேரட்டும், தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2025இல் மாதம் 2,300 ராண்டுக்குச் சற்று மேல். வருமானம் ஏற ஏற அது குறையும். முழுதாகவே போய்விட்டது என்று வைத்துக்கொண்டாலும் 2,300ஐ விட்டு 6,500ஐ வாங்குகிறார். வருடத்துக்கு 78,000 ராண்ட், வருமான வரி கட்ட வேண்டிய வரம்புக்குள் வராது. ஒன்று மட்டும் முக்கியம்: வேலையில் சேர்ந்ததைச் சாசாவிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் பின்னால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். வேலை முடிந்துபோனால் புதிதாக விண்ணப்பிக்கலாம். மருத்துவப் பரிசோதனை மறுபடி இருக்கும், முடிவு வர மூன்று மாதம் வரை ஆகலாம், கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தருவார்கள். ஆகவே முதல் சில மாதச் சம்பளத்திலிருந்து 7,000 ராண்ட் தனியாக ஒதுக்கி வைத்தால் அந்த இடைவெளியைத் தாண்டிவிடலாம்.

இதைக் கம்பெனி செய்யும் தர்மம் என்று நினைத்துக் கூசவும் வேண்டாம். தம்பியைப் போன்ற ஒருவரை, டிப்ளமா நிலை வரை படித்தவரை, பதிவு செய்த லேர்னர்ஷிப்பில் எடுத்தால் வரி விதிக்கும் வருமானத்தில் ஆண்டுக்கு 60,000 ராண்ட் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டத்தின் 12எச் பிரிவு இடம் தருகிறது. முடித்துவிட்டால் இன்னொரு கழிவும் உண்டு. அவர்களுக்கும் லாபம்தான். அதனால் துணிந்து கேளுங்கள்: 12 மாதம் முடிந்ததும் நிரந்தர வேலைக்கு வாய்ப்பு இருக்கிறதா? அமைதியான இருக்கை, காதுக்கு ஹெட்ஃபோன், வேலையை எழுத்தில் சொல்வது, இவற்றுக்கு ஒத்துக்கொள்வார்களா? இப்படிப்பட்ட வசதிகளைக் கேட்பது 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் தரும் உரிமை, சலுகை இல்லை. கேட்கிற ஆள் தம்பியாகவே இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் அந்த 40,000. பென்ஷன் நிதியில், ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய சேமிப்புப் பங்கு என்று 2024 செப்டம்பரில் வந்ததே, அதிலிருந்து எடுக்கும் பணம் அந்த வருடச் சம்பளத்தோடு சேர்த்து வரிக்கு உட்படும். உங்கள் கணவரின் சம்பளத்துக்கு 26 சதவீதம். அதாவது 10,400 ராண்ட் வரித்துறையான சார்ஸுக்குப் போய்விடும், கைக்கு வருவது 29,600, அதிலும் நிதி நிறுவனம் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். வயதான காலத்துக்கான பணத்தை இப்படிக் கரைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு அப்பாவின் ஆசை எனக்குப் புரிகிறது. அந்தப் பள்ளியில் கேட்ட கேள்விக்கு ஊர் பார்க்கப் பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்கு இருக்காதா? ஆனாலும் கைதட்டலே ஆகாதவருக்கு ஹால் நிறையக் கூட்டமும் மைக்கும் எப்படி ஒத்துவரும்? எதை எப்படிக் கொண்டாடலாம் என்று தம்பியிடமே கேளுங்கள். அவர் கேட்பதை மாதச் சம்பளத்திலிருந்தே செய்துவிட முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றில் உங்கள் பணம் ஒழுகிக்கொண்டிருக்கக்கூடும். தெரபிக்கு வருடம் 36,000 ராண்ட் கொடுக்கிறீர்கள். சாதாரணக் கணக்கில், வரிக்குரிய வருமானத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் போகும் செலவில் 25 சதவீதம்தான் வரிச் சலுகை. உங்களுக்கு அது 3,600 ராண்ட் அளவில் நிற்கும். பிள்ளைக்குக் குறைபாடு உண்டு என்று டாக்டர் வரித்துறையின் ஐடிஆர்-டிடி படிவத்தில் சான்று கொடுத்திருந்தால் அந்த 7.5 சதவீத வாசலே கிடையாது, செலவில் 33.3 சதவீதம் வரியில் கழியும். ஏறக்குறைய 12,000 ராண்ட்! ஆட்டிசம் என்ற பெயர் மட்டும் போதாது, அன்றாட வாழ்வில் அது மிதமாகவோ கடுமையாகவோ தடையாக இருக்கிறது என்று டாக்டர் எழுத வேண்டும். 26 வயதுக்குள் முழுநேரமாகப் படிக்கும் பிள்ளை உங்கள் கணக்கில் வருவார் என்பதால், அவர் படித்த வருடங்களின் ரசீதுகளையும் வரி ஆலோசகரிடம் எடுத்துப்போங்கள்.

வீட்டை இப்போது மாற்ற வேண்டாம். உயிரோடு இருக்கும்போது தானமாகக் கொடுத்தால், ஆண்டு விலக்குக்கு மேல் உள்ள மதிப்புக்கு 20 சதவீத நன்கொடை வரி. உங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் ராண்ட். இதை உயிலில் செய்யுங்கள். அந்த நேரத்தில் தம்பியால் போதுமான அளவு சம்பாதிக்கவோ தன் பணத்தைத் தானே பார்த்துக்கொள்ளவோ முடியாமல் இருந்தால், அவர் பங்கு, குறைபாடுள்ள ஒருவருக்காகவே அமைக்கும் ஏ வகைச் சிறப்பு டிரஸ்டுக்குப் போகட்டும். சாதாரண டிரஸ்டுகளுக்கு 45 சதவீதம் என்று ஒரே வரி, இதற்குத் தனிமனிதருக்குள்ள 18 முதல் 45 வரையிலான படிநிலை. அவர் தானே சமாளிப்பவராக இருந்தால் நேராக அவர் கைக்கே போகட்டும். இரண்டு வழியையும் அதே உயிலில் வக்கீல் எழுதித் தருவார். டிரஸ்டியாக அக்காவோடு, குடும்பத்துக்கு வெளியே ஒருவரும் இருக்கட்டும். எல்லாப் பாரத்தையும் அந்தப் பெண் தலையில் வைப்பது நியாயமில்லை. உங்கள் கணவரின் பென்ஷன் நிதிக்கும் தம்பியின் நிலையை விளக்கி ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். நாமினி படிவம் இருந்தாலும், இறந்தவரின் பணத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது பென்ஷன் நிதிச் சட்டத்தின் 37சி பிரிவின்படி நிதியின் டிரஸ்டிகள்தான்.

தம்பியின் சம்பளம் அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரட்டும். அதிலிருந்து மாதம் 500 ராண்டை வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் அவரே போடட்டும். வாழ்நாள் வரம்பு 5 லட்சம் ராண்ட், எடுத்த பணத்தைத் திரும்பப் போட்டால் அதுவும் புதிதாக வரம்பில் சேரும் என்பதால் அவசரத்துக்கான பணத்தை அதில் வைக்கக் கூடாது. ஐடி படித்தவர், அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ள உங்களை விடத் தேர்ந்தவராகக்கூட இருப்பார்.

சம்பளம் வந்துவிட்டதே என்று மெடிக்கல் எய்டிலிருந்து மட்டும் அவரை எடுத்துவிடாதீர்கள். 90 நாளுக்கு மேல் காப்பு இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்பச் சேர்ந்தால், பொதுவாக மூன்று மாதமும், முன்பே உள்ள நிலைக்கு 12 மாதம் வரையும் காத்திருக்கச் சொல்ல அவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. குறைபாடுள்ள பிள்ளையை வளர்ந்த பிறகும் சார்ந்திருப்பவராக வைத்திருக்க உங்கள் மெடிக்கல் எய்ட் என்ன சான்று கேட்கிறது என்று இந்த வாரமே போன் செய்து கேட்டுவிடுங்கள். ஐடிஆர்-டிடி படிவத்துக்காக டாக்டரிடம் போகும்போது அந்தச் சான்றையும் கையோடு வாங்கிவிடலாம்.