முழங்கால் கிடக்கட்டும், முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள்

கேள்வி: எனக்கு 57 வயது. பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறேன், சர்க்கரை இல்லை. இரண்டு வருடமாக முழங்கால் வலி. காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் கால் பிடித்தாற்போல் இருக்கும், நடந்தால் சரியாகிவிடும். படி ஏறினால் கடகடவென்று சத்தம். எக்ஸ்ரேயில் ‘கிரேடு 3’ என்றார்கள். எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு கிழிந்திருப்பதாக வந்திருக்கிறது. இன்னும் தேய்ந்துவிடக் கூடாது என்று நடப்பதையே நிறுத்திவிட்டேன். எட்டு மாதமாகக் காலையில் டாக்டர் எப்போதோ எழுதித்தந்த அசிக்ளோஃபெனாக் - பாராசிட்டமால், இரவில் தெரிந்தவர் சொன்ன டைக்ளோஃபெனாக் போடுகிறேன். வயிற்று வலி எதுவும் இல்லை. ஒரு வாரமாக மலம் மட்டும் கறுப்பாகப் போகிறது, கொஞ்சம் அசதி. குளுக்கோசமின், பி.ஆர்.பி., ஸ்டெம் செல் எல்லாம் இணையத்தில் பார்த்தேன். எது நல்லது? கிரேடு 4 ஆனால் படுத்த படுக்கைதானா? இப்போதே மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, இவ்வளவு நீளமான கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ‘மலம் மட்டும் கறுப்பாகப் போகிறது’ என்ற அந்த ஒரு வரிதான். உங்களுக்குத் தனியாக எழுதி உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டேன். ஆனாலும் இதே இரண்டு மாத்திரைகளை இதே மாதிரி விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் இங்கேயும் சொல்கிறேன்.

வலி மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்கு மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, வழக்கத்தைவிடக் கெட்ட நாற்றத்துடன் போனால், வயிற்றிலோ முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். ரத்தம் குடல் வழியாகச் செரித்து வருவதால் சிவப்பாகத் தெரியாது. இரும்புச்சத்து மாத்திரை எடுத்தாலும் மலம் கறுக்கும், ஆனால் இப்படி ஒட்டாது, நாறாது. நீங்கள் இரும்பு மாத்திரை எடுப்பதாக எழுதவில்லை. அசதியையும் வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள், ரத்தம் குறைந்ததாலும் அது வரும்.

‘வயிற்று வலி இல்லையே’ என்கிறீர்கள். இந்த மாத்திரைகளால் புண் வந்தவர்களில் கணிசமானவர்களுக்கு ரத்தக்கசிவுதான் முதல் அறிகுறி. வலியே இருக்காது. மூட்டில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் வயிற்றின் உள்சுவரை அமிலத்திடமிருந்து காப்பாற்றுகிறது. மாத்திரை இரண்டு இடத்திலும் அதைக் குறைத்துவிடும். மூட்டு எது, வயிறு எது என்று அதற்குத் தெரியாது.

அப்புறம் இன்னொன்று. நீங்கள் காலையில் போடும் மாத்திரையில் உள்ள அசிக்ளோஃபெனாக்கும் இரவில் போடும் டைக்ளோஃபெனாக்கும் வேறு வேறு பெயரில் வரும் ஒரே குடும்பத்து வலி மருந்துகள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் நிவாரணம் இரட்டிப்பாகாது, ரத்தக்கசிவு அபாயம்தான் கூடும். போதாக்குறைக்கு இவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் சிரமப்படுத்தும். டாக்டர் எப்போதோ ஐந்து நாளுக்கு எழுதித்தந்த சீட்டை எட்டு மாதம் நீட்டிக்க உங்களுக்கு யார் சொன்னது? ‘தெரிந்தவர்’ சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் உங்கள் கிரியேட்டினின் அளவைப் பார்த்துவிட்டா டைக்ளோஃபெனாக் சொன்னார்? கோபமாக எழுதுவதற்கு மன்னியுங்கள். இந்தக் கதையை வார்டில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். வலிக்குத் தற்காலிகமாக, அசிக்ளோஃபெனாக் கலக்காத பாராசிட்டமால் மட்டும் போதும். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எல்லா அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஹீமோகுளோபின், கிரியேட்டினின் பார்ப்பார்கள், அநேகமாக எண்டோஸ்கோபியும் (வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றின் உள்ளே பார்ப்பது) செய்வார்கள். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, ரத்தமாகவோ காப்பித்தூள் போலவோ வாந்தி வருகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, துணையோடு.

சரி, இனி முழங்கால்.

நீங்கள் பயப்படுவது வலிக்கு அல்ல, ‘3’ என்ற எண்ணுக்கு. அடுத்து 4, அதற்கப்புறம் படுக்கை என்று மனதுக்குள் ஒரு படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறீர்கள். இந்த கிரேடு முறையை 1957-இல் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்தார்கள். எலும்பு ஓரத்தில் முளைத்திருக்கும் முள், இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, இவற்றைப் பார்த்து 0 முதல் 4 வரை எண் கொடுக்கிறார்கள். தேய்வதோ எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. அது எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது, இடைவெளியை வைத்து ஊகிப்பதுதான். அந்த இடைவெளிகூட நீங்கள் படுத்திருக்கும்போது எடுத்தால் ஒரு மாதிரியும், நின்றுகொண்டு எடுத்தால் வேறு மாதிரியும் தெரியும். எப்படி எடுத்தார்கள் என்று உங்கள் ரிப்போர்ட்டில் பாருங்கள்.

தலைநரை எவ்வளவு என்று பார்த்து ஒருவரால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று சொல்ல முடியுமா? கிரேடும் ஏறக்குறைய அந்த ரகம்தான். கிரேடு 4-ஐ வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறவர்களும் உண்டு, கிரேடு 1-இல் வலி தாங்காமல் வருகிறவர்களும் உண்டு. குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாது. வலி வருவது அதற்கடியில் உள்ள எலும்பிலிருந்தும், மூட்டின் உள்சவ்விலிருந்தும், சுற்றியுள்ள உறையிலிருந்தும். அதனால்தான் படத்துக்கும் வலிக்கும் கணக்கு ஒத்துப்போவதில்லை. வயது 45-க்கு மேல், அசைந்தால் வலி, காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது என்றால் படம் எடுக்காமலே மூட்டுத் தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்கிறது பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பின் வழிகாட்டுதல். உங்கள் பத்து நிமிடம் அதற்குள் அடங்கிவிட்டது.

எம்.ஆர்.ஐ. இன்னும் மோசமான பயமுறுத்தி. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் 50 வயதைத் தாண்டிய, எக்ஸ்ரேயில் தேய்மானமே இல்லாத 710 பேருக்கு முழங்கால் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2012-இல் வெளியான முடிவு: 89 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கோளாறு படத்தில் தெரிந்தது. வலியே இல்லாதவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. ஜவ்வு (மூட்டுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ்) கிழிவதைத் தனியாகப் பார்த்த 2008 ஆய்வும் அதே ஊரில் நடந்ததுதான். கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்காலில் எந்தத் தொந்தரவும் இல்லை. உங்கள் ஜவ்வு எப்போது கிழிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, ஒருவேளை உங்களுக்கு வலி தொடங்குவதற்கு முன்பே இருந்திருக்கலாம். கால் மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்டு நீட்டவே முடியவில்லை என்றால் அது வேறு விஷயம், அப்படி நீங்கள் எழுதவில்லை.

இந்தக் கிழிசலைச் சாக்காக வைத்து யாராவது ‘சின்ன ஓட்டை போட்டுச் சுத்தம் செய்துவிடலாம்’ என்றால் 2002-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். தேய்மானம் உள்ள 180 பேர். சிலருக்கு ஆர்த்ரோஸ்கோபி மூலம் நிஜமாகவே மூட்டைச் சுத்தம் செய்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தையல் போட்டு அனுப்பினார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் நிஜ ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட ஒரு துளியும் மேலாக இல்லை.

கடகட சத்தம்: வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியம் கிடையாது, தேவையும் இல்லை.

குளுக்கோசமின் (மூட்டுக்கு நல்லது என்று விற்கப்படும் துணை மாத்திரை): 2006-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் 1,583 பேர். ஆறு மாதம் குளுக்கோசமின் சாப்பிட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தது. நல்ல மருந்து போலிருக்கிறதே என்று தோன்றும். வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில்? 60 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இணையத்தில் ‘எனக்குக் குணமாகிவிட்டது’ என்று சத்தியம் செய்கிறவர்கள் எல்லோரும் பொய் சொல்லவில்லை என்பது புரியும். இந்த வலி ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். மனிதர்கள் புது மருந்தைத் தேடிப் போவது வலி உச்சத்தில் இருக்கும்போது. அதற்குப் பிறகு எதைச் சாப்பிட்டாலும் வலி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். பெயரை மட்டும் மருந்து தட்டிக்கொண்டு போகும்.

பி.ஆர்.பி. ஊசியும் (உங்கள் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த பிளேட்லெட் நிறைந்த திரவம்) அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்துச் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கும் பி.ஆர்.பி. போட்டவர்களுக்கும் ஒரு வருடம் கழித்து வலியிலும் வித்தியாசமில்லை, குருத்தெலும்பின் அளவிலும் வித்தியாசமில்லை. ஸ்டெம் செல் ஊசிகளை ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டு 2023-இல் வந்த ஆய்வும் ஒரு வருட முடிவில் எதையும் மேலானதாகக் காட்டவில்லை. புதுக் குருத்தெலும்பு முளைக்கும் என்று விளம்பரம் செய்பவரிடம், போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். ஸ்டீராய்டு ஊசி வலி அதிகமாக இருக்கும் சமயத்தில் சில வாரம் தணிக்கும், எப்போதாவது ஒன்று பரவாயில்லை. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்த 2017 ஆய்வில் வலியில் லாபம் இல்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகக் கரைந்தது. எந்த ஊசி போட்டபின்னும் மூட்டு சூடாக வீங்கி, காலை ஊன்ற முடியாமல் போனால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இனி நீங்கள் செய்த பெரிய தப்புக்கு வருகிறேன். நடப்பதை நிறுத்தியது. குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. நீங்கள் காலை ஊன்றும்போது அது அமுங்கி, எடுக்கும்போது விரிந்து, சுற்றியுள்ள மூட்டுத் திரவத்திலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. அசைக்காத மூட்டு அந்த உணவையும் இழக்கிறது, அதைத் தாங்கிப் பிடிக்கும் தொடைத் தசையும் வற்றிப்போகிறது. தசை வற்றினால் படி ஏறும்போது வலி கூடும், வலி கூடினால் இன்னும் உட்கார்ந்துவிடுவீர்கள். நீங்கள் பயப்படுகிற அந்தப் படுக்கைக்கு வழி இதுதான், கிரேடு 4 அல்ல.

வயிற்றுப் பிரச்சினை சரியாகி, ஹீமோகுளோபின் தேறியதும் தொடங்குங்கள். உறுதியான நாற்காலியில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுங்கள். முடியவில்லையென்றால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். இறங்கும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குவதில்தான் தொடைத் தசைக்கு வேலை. செய்யும்போது கொஞ்சம் வலித்தால் நிறுத்த வேண்டாம். மறுநாள் காலையிலும் வழக்கத்தைவிட அதிகமாக வலித்தால் அடுத்த முறை எண்ணிக்கையைக் குறையுங்கள், அவ்வளவுதான். ஒரு பிசியோதெரபிஸ்ட் முதல் சில வாரம் கூட இருந்தால் நல்லது. பிசியோதெரபியையும் ஸ்டீராய்டு ஊசியையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட 2020 ஆய்வில் ஒரு வருட முடிவில் பிசியோதெரபிதான் ஜெயித்தது. உடல் எடை பற்றி நீங்கள் எழுதவில்லை. கூடுதலாக இருந்தால், குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் ஏறும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது.

தடவுகிற டைக்ளோஃபெனாக் ஜெல் ரத்தத்தில் கலப்பது மாத்திரையைவிட மிகக் குறைவு. ஆனால் உங்கள் விஷயத்தில் எண்டோஸ்கோபி செய்த டாக்டர் சரி என்ற பிறகுதான்.

கடைசியாக ஆபரேஷன். வருமுன் காக்க என்று செய்துகொள்கிற சிகிச்சை அல்ல மூட்டு மாற்று. செயற்கை மூட்டுகளில் 100-க்கு 82 வரை 25 வருடம் தாங்குவதாக 2019-இல் வந்த பெரிய தொகுப்பாய்வு காட்டுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செய்துகொண்டவர்களில் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை பிறகும் வலியோடுதான் இருக்கிறார்கள். உடற்பயிற்சியை ஒழுங்காக மூன்று மாதமாவது செய்தபிறகும் இரவில் வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, வீட்டுக்குள் நடமாடுவதே பாடாக இருக்கிறது என்றால் அப்போது அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். அவரிடம் கிரேடைச் சொல்லாதீர்கள். எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எத்தனை இரவு தூக்கம் கெடுகிறது, எதையெல்லாம் செய்ய முடியாமல் விட்டுவிட்டீர்கள் என்று சொல்லுங்கள்.