செபித்தும் ஒன்றும் மாறாதபோது எப்படிப் பொறுமையாக இருப்பது?

"இரண்டு வருசமாகச் செபிக்கிறேன், ஒன்றும் மாறவில்லை. பங்கில் எல்லாரும் பொறுமையாக இருக்கச் சொல்கிறார்கள். எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. வேலைக்கா கலியாணத்துக்கா என்று எழுதவில்லை. கலியாணமாகத்தான் இருக்கும். எங்கட சனம் அதுக்குத்தான் இந்தச் சொல்லை அதிகம் பாவிக்கும்.

எனக்குப் பொறுமை என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும், அதனால்தான் எழுதுகிறேன். கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல். கத்தோலிக்கக் குடும்பம். இறையியல் படித்தவளில்லை. மாதா வணக்கம் சரியா பிழையா என்று வாதாட வருகிற சபைக்கார அண்ணன்மார் தயவுசெய்து வேறு பதிலுக்குப் போங்கோ.

2008 ஏப்ரலில் சண்டை நெருங்கி, மன்னார் மடுக் கோயிலின் மாதா சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது அம்மா அழவில்லை. "ஒல்லாந்தன் காலத்தில மாந்தையில இருந்து காட்டுக்க ஓடினவ. அவவுக்கு இது பழக்கம்" என்றா. பிறகு நாங்களும் வெளிக்கிட்டோம். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன். அதற்குப் பிந்தினதை இங்கே எழுதப்போவதில்லை. தம்பி எங்களோடு மெனிக் பாம் அகதி முகாமுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவின் செபமாலையும் தொலைந்துபோனது. கூடாரத்தில் பத்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கித்தான் ஐம்பத்துமூன்று மணி சொல்லுவா. இடையில் கணக்குப் பிழைத்துவிடும். "இது எத்தினையாவது பத்து?" என்று என்னைக் கேட்பா. நான் மறுமொழி சொல்லமாட்டேன். எனக்கு ஆண்டவரோடு கதையில்லாத காலம் அது. அம்மாவும் சாந்தமான ஆளென்று நினைக்காதீர்கள். தண்ணி வரிசையில் வாளி வைத்த இடத்துக்காக முழு வரிசையோடும் சண்டை பிடிப்பா. ஊருக்குத் திரும்பியபின், மிதிவெடி எடுக்கிற பெடியளிடம் ஒவ்வொரு நாளும் போய் "எங்கட துண்டு எப்ப முடியும்?" என்று கேட்டு அலுப்படிப்பா.

கேட்டது கிடைத்ததா? இல்லை. 2016 இல் தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் அறியாமலே போய்ச் சேர்ந்துவிட்டா. அடுத்த வருசம் பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் போராட இருந்தார்களே, உயிரோடு இருந்திருந்தால் அம்மா முன்வரிசையில் இருந்திருப்பா. அங்கேயும் இடத்துக்குச் சண்டை பிடித்திருப்பா.

யாக்கோபு திருமுகத்தில் ஒரு கமக்காரன் வருவான், முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கிறவன். பிரசங்கத்தில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். வயல் செய்கிறவன் எங்கே சும்மா காத்திருந்தான்? வரம்பு கட்டவேண்டும், களை பிடுங்கவேண்டும், இரவில் பன்றிக்குக் காவல் கிடக்கவேண்டும். வாய்க்கால் தண்ணிக்கு மேல்வயல்காரனோடு வாய்த்தர்க்கம் வேறு. அந்தக் கமக்காரன் அப்படித்தான் இருந்திருப்பான் என்பது என் எண்ணம். பாதர்மார் கோபிக்கவேண்டாம்.

2018 டிசம்பர் 21 இரவு இரணைமடுக் கதவுகளைத் திறந்தார்கள். குளத்தை உயர்த்திக் கட்டித் திறப்பு விழா நடத்தி இரண்டு கிழமைதான். குடலைப் பருவத்து நெல் முழுக்கத் தண்ணிக்குள். வீட்டுக்குள் கட்டிய பாலன் குடில் வைக்கோலோடு மிதந்தது. நத்தாரைப் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் கழித்தோம். ஒருநாள் விடியப்புறம் நித்திரை வராமல் கிடக்கும்போது, என் இடதுகைச் சுண்டுவிரல் தானாக மடங்கியிருந்ததைக் கண்டேன். பிறகு மோதிரவிரல். ஒன்பதரை வருசத்துக்குப் பிறகு. ஏழோ எட்டோ வரும்போது நிவாரணத்துக்குப் பதியச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழும்பி ஓடினேன். எங்கள் பெயர் விடுபட்டிருந்தது, நன்றாகச் சண்டை பிடித்தேன்.

அதே வெள்ளம் குளத்தை நிரப்பி, அடுத்த சிறுபோகத்துக்கு எங்களுக்கும் தண்ணி கிடைத்தது உண்மை. உடனே "பாருங்கோ, ஆண்டவருடைய சித்தம்" என்று எழுதவேண்டாம். அடுத்த வீட்டுக்காரர் அந்த வெள்ளத்தின் கடனை இன்னும் கட்டுகிறார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோபம் போனபிறகு செபிக்கலாம் என்று இருக்காதீர்கள். அம்மா திங்களும் சனியும் செபமாலையில் சந்தோச தேவ இரகசியங்கள் சொல்லுவா. அதில் ஐந்தாவது, காணாமல்போன இயேசுவைக் கோயிலில் கண்டது. அந்த இடம் வந்ததும் செபத்தை நிற்பாட்டிவிட்டு மாதாவின் படத்தைப் பார்த்து அதட்டுவா: "நீயும் பிள்ளையைத் துலைச்சிட்டுத் தேடினனீதானே. உனக்கு மூண்டு நாளில கிடைச்சிட்டான். எனக்கு ஏழு வருசமாகுது." பிறகு விட்ட விரலிலிருந்து தொடருவா.